தீர்ப்பும் திறனாய்வும்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து நிகழ்பட விளையாட்டு மதிப்பீட்டின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

நிகழ்பட விளையாட்டுகளைப் பற்றித் தமிழ்ச் சூழலில் உருவான மதிப்பீடுகள் பெரிதும் நீதிமன்றத் தீர்ப்புகளாகவும் அரசாணைகளாகவுமே அமைந்துள்ளன. சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் முன் வந்த வழக்குகள் இதற்குத் தக்க சான்று. ஆட்டத்தின் உள்ளமைவை நோக்கிய பார்வை தமிழில் முன்பே இருந்தது என்பதையும், அது எவ்வாறு ஆட்டத்துக்கு வெளியே நகர்ந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிகழ்பட விளையாட்டு, வல், சூது, மதுரைக் கிளை, பாவாணர், வெண்பா

முன்னுரை

‘வீடியோ கேம்’ என மக்கள் வழங்கும் நிகழ்பட விளையாட்டு மதுரை வீடுகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைக்கும் மலிவான நகல் கருவியாக வந்து சேர்ந்தது. பின்னர் உலவு மையங்களின் கணினிகளிலும், அதன்பின் கைப்பேசியிலும் குடியேறியது. முதல் கட்டத்தில் அதன்மீது வழங்கப்பட்ட மதிப்பீடு “கண் கெட்டுவிடும்” என்பது. இரண்டாம் கட்டத்தில் “படிப்புக் கெட்டுவிடும்” என்றார்கள். இக்கட்டுரையாளரின் பள்ளிப் பருவம் இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையில் கழிந்தது. எந்த ஆட்டம் நல்ல ஆட்டம், எது ஏன் சலிப்பூட்டுகிறது என்பன போன்ற வினாக்களை ஆடிய சிறுவர்கள் தமக்குள் இடைவிடாமல் விவாதித்தனர். ஆயினும் அவ்விவாதம் எழுத்தில் ஏறவில்லை. எழுத்தில் ஏறியவை வழக்குகளே. ஆகவே இவ்வரலாற்றை எழுத முற்படுவோர் ஆட்டங்களைத் தேடிச் சென்று தீர்ப்புகளிடம் வந்து நிற்க நேர்கிறது.

வல்லும் நாயும்

மதுரை வட்டாரத்தில் விளையாட்டுப் பொருள்களுக்கான தொல்லியல் சான்று வளமானது. நகரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், வைகைக்கரையிலுள்ள கீழடியில் 2014-15 முதல் நடைபெற்றுவரும் அகழாய்வுகளில் சுடுமண் வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. ஆட்டக்காய்களும் பகடையும் வெளிப்பட்டுள்ளன. இலக்கணச் சான்றும் உண்டு. தொல்காப்பிய எழுத்ததிகாரம் ‘வல்’ என்னும் சொல்லின் புணர்ச்சியைக் கூறுமிடத்தில், அதன்முன் ‘நாய்’, ‘பலகை’ ஆகிய சொற்கள் வருவதைத் தனியே எடுத்து விதிக்கிறது. வல் சூதாடு கருவி. நாய் அதன் காய். தனி விதி வகுக்குமளவு இச்சொற்கள் ஒருங்கே வழங்கியுள்ளன.

புறநானூற்றின் 52ஆம் பாடல் இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. மருதன் இளநாகனார் பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியைப் பாடியது அது. பகைவர் நாடு பாழான நிலையைக் காட்ட அவர் தேர்ந்துகொண்ட காட்சி, வழிபாடு நின்றுபோன பொதியில். அங்கே நரைமூத்த முதியோர் காய்களை இட்டு இட்டுக் குழிந்த வல்லாடு களத்தில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. வல்லைச் சூதுக் கருவி என உரைகாரர் கூறினும், பாடலில் கண்டனத்தின் சாயல் சிறிதும் இல்லை. முதியோர் அமர்ந்து ஆடியது ஊர் ஊராக இருந்ததன் அடையாளம். ஆட்டம் நின்றது அழிவின் அடையாளம்.

கண்டனம் திருக்குறளில் வருகிறது. ‘சூது’ 94ஆம் அதிகாரம். வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை ஆகியவற்றை அடுத்தும் மருந்துக்கு முன்பும் அது வைக்கப்பட்டுள்ளது. இவ்வரிசையைக் கண்டவுடன் இன்றைய ‘அடிமைத்தனம்’ என்னும் சொல்லாடலின் முன்வடிவமாக அதைக் கொள்ளத் தோன்றும். எனினும் அவ்வதிகாரத்தின் வலிமை அறவுரையில் மட்டும் இல்லை. வெற்றியே தூண்டிலின் இரையாகிறது. ஒன்றைப் பெற்றவன் நூறை இழக்கிறான். இழக்க இழக்க விருப்பம் பெருகுகிறது. பணயம் வைத்த ஆட்டம் ஆடுவோனை எவ்வாறு பிடித்துவைக்கிறது என்னும் இயக்கமுறையை வள்ளுவர் படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறார். ஆட்டத்தின் உள்ளமைவை ஆராய்ந்து வழங்கிய மதிப்பீடு இது. பணயமற்ற ஆட்டத்தின்மீது அவருக்குப் பகை இருந்ததாகக் கொள்ளவும் இடமில்லை. கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில், நிரம்பிய நூலறிவின்றி அவையில் பேசுவதற்கு அரங்கு இழைக்காமல் வட்டாடுவதை உவமையாக்குகிறார். அரங்கும் விதியும் உடைய ஆட்டம் அங்குக் கல்விக்கு நிகராக நிற்கிறது.

பாவாணரின் தலைப்புகள்

தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ (1954) இன்று பெரும்பாலும் பண்பாட்டுத் தொகுப்பாகவே பயிலப்படுகிறது. அதனை ஒரு முறையியல் நூலாகவும் பயிலலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து. ஆட்டின் பெயர், ஆடுவோர் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை, ஆட்டின் தோற்றம், பயன் என்னும் தலைப்புகளின்கீழ் அவர் விளையாட்டுகளை விவரிக்கிறார். சொற்பிறப்பு ஆர்வத்தால் ‘தோற்றம்’ பகுதியில் அவர் சில இடங்களில் நெடுந்தொலைவு சென்றுவிடுவது உண்மையே. ஆயினும் ‘ஆடுமுறை’ பகுதியில் அவர் காட்டும் கூர்மை வியப்புக்குரியது. ஆடாதவரும் படித்து ஆடத்தக்க அளவு விதிகள் எழுதப்பட்டுள்ளன. பயனை அவர் இறுதியில் வைத்தார் என்பதும் கருதத்தக்கது. ஆட்டம் இன்னதென்று சொல்லி முடித்த பின்னரே அது நல்லதா என்னும் வினாவுக்கு வருகிறார். அடுத்து நாம் காணவிருக்கும் தீர்ப்புகளில் இவ்வரிசை தலைகீழாகிறது.

மதுரைக் கிளையின் முன்

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 சூலையில் தொடங்கப்பட்டது. 2017 ஆகத்து இறுதியில் மதுரை மாவட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். ‘நீலத் திமிங்கிலம்’ என்னும் இணைய விளையாட்டே காரணம் என்று செய்திகள் பரவின. மதுரைக் கிளை அதனைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அது நாடு முழுவதும் கவனிக்கப்பட்டது. பள்ளிகளில் எச்சரிக்கைக் கூட்டங்கள் நடந்தன. ஆனால் தரவிறக்கி ஆடத்தக்க ‘நீலத் திமிங்கிலம்’ என்றொரு மென்பொருள் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. நடுவண் அரசு அமைத்த குழு ஆராய்ந்த இறப்புகள் எவற்றிலும் அதன் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2018 சனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஓர் இளைஞரின் இறப்பு உண்மை. அவர் குடும்பத்தின் துயரும் உண்மை. அரசும் நீதிமன்றமும் விரைந்து செயற்பட்டதில் பிழை காண இயலாது. வரலாற்றாய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. தமிழ்ப் பொதுவெளியில் நிகழ்பட விளையாட்டைப் பற்றி மிகுதியாகப் பேசப்பட்ட அந்த மாதங்களில், பேசப்பட்ட பொருளுக்கு ஆடுமுறை என்பதே இல்லை. அரங்கின்றி வட்டாடல் என்னும் உவமை இங்கு எதிர்பாராத பொருத்தம் பெறுகிறது.

2020 சூலையில் இதே கிளையில் நீதிபதி பி. புகழேந்தி சீட்டாட்டம் தொடர்பான வழக்கொன்றை விசாரித்தபோது, பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளை முறைப்படுத்தச் சட்டம் தேவை என வலியுறுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசின் அவசரச் சட்டம் வந்தது. 2021இல் அது சட்டமாயிற்று. அதன் பின்புலத்தில் பண இழப்பும் கடனும் தற்கொலைகளும் இருந்தன. வள்ளுவர் விவரித்த இயக்கமுறை கைப்பேசித் திரையில் இரவு பகலாக இயங்கியது என்றால் மிகையாகாது.

திறனா, வாய்ப்பா

பணயச் சட்டங்களின் வரலாற்றில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. 1930ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம் வெறும் திறன் சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்களித்தது. எனவே ஓர் ஆட்டம் திறன் சார்ந்ததா, வாய்ப்புச் சார்ந்ததா என்பதை நீதிபதிகள் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. 1968இல் உச்சநீதிமன்றம் ரம்மியைப் பெரிதும் திறன் சார்ந்த ஆட்டம் என்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்தல், எதைக் கையில் வைத்து எதைக் கழிப்பது எனத் தேர்தல் ஆகியவற்றை அது காரணமாகக் காட்டியது. 1996இல் சென்னைக் குதிரைப் பந்தய வழக்கிலும் இவ்வாறே குதிரையின் ஆற்றல், ஓட்டுநரின் தேர்ச்சி ஆகியன எடைபோடப்பட்டன. இந்திய அரச ஆவணங்களில் ஆட்டத் திறனாய்வுக்கு மிக நெருங்கிய பகுதிகளைத் தேடுவோர் இவ்விரு தீர்ப்புகளையே எடுத்துக்காட்ட முடியும் எனலாம். நீதிபதிகள் வேறு வழியின்றி ஆட்டத்துக்குள் நுழைந்து பார்த்தார்கள்.

2021 ஆகத்து 3 அன்று உயர்நீதிமன்றம் தமிழகச் சட்டத் திருத்தத்தை அளவுமீறிய தடை எனக் கூறிச் செல்லாதென்றது. நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் புதிய அவசரச் சட்டமும், ஆளுநர் திருப்பியனுப்பி மீண்டும் நிறைவேற்றப்பட்ட பின் 2023 ஏப்ரலில் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. 2023 நவம்பர் 9 தீர்ப்பு அச்சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களாகப் பட்டியலிட்ட பகுதியை நீக்கியது. இதுவரை வினா ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. 2025 ஆகத்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் அதனை முடித்துவைத்தது. திறனோ வாய்ப்போ, பணம் வைத்து ஆடப்படுவதாயின் தடை என்றது அது. மக்கள் நலன் நோக்கில் இதற்கு வலுவான நியாயம் உண்டு. ஆனால் ஓர் ஆட்டம் எவ்வாறு இயங்குகிறது என்று விளக்க வேண்டிய கட்டாயம் இருந்த ஒரே இடத்திலும் அக்கட்டாயம் இல்லாமற்போயிற்று.

பணயம் சாராத விளையாட்டுகளின் நிலையும் வேறன்று. பப்ஜி 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் தடை செய்யப்பட்டன. தடைக்குக் காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும். வீட்டில் பெற்றோர் மகிழ்ந்தது வேறு காரணத்துக்காக. இருசாராரும் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒப்புநோக்க 2011இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கலிபோர்னிய மாநிலச் சட்டமொன்றை நீக்கியபோது, நூல், நாடகம், திரைப்படம் போல நிகழ்பட விளையாட்டுக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்றது. அங்கும் தீர்ப்பு திறனாய்வாகிவிடவில்லை. ஆயினும் எசுபென் ஆர்செத்து முதலியோர் 2001இல் தொடங்கிய ‘கேம் சுடடீசு’ ஆய்விதழ் முன்னரே பத்தாண்டுகளாக வெளிவந்துகொண்டிருந்தது. ஆட்டம் கதையாக வாசிக்கத்தக்கதா, விதிகளின் அமைப்பாகவே ஆராயத்தக்கதா என்னும் விவாதம் கல்விப்புலத்தில் வேரூன்றியிருந்தது.

‘வெண்பா’ பெற்ற மதிப்புரைகள்

2023 சூலை 31 அன்று டொராண்டோவின் விசை கேம்சு நிறுவனம் ‘வெண்பா’வை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம்; தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். தாய்வழி வந்த சமையற்குறிப்பேடு சிதைந்திருக்கிறது. விடுபட்ட படிகளை ஆடுவோர் ஊகித்துச் சமைக்க வேண்டும். 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் உயரிய பரிசையும், பிரித்தானிய பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும் அது பெற்றது. ஆங்கில மதிப்புரைகள் அதன் ஓவியத்தையும் இசையையும் உணர்ச்சி நேர்மையையும் பாராட்டின. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் சுருக்கத்தைக் குறையாகச் சுட்டின. தமிழில் அது பெரும்பாலும் விருதுச் செய்தியாகவே வந்தது. நம் இட்டலி உலக மேடை ஏறியது என்னும் பெருமிதம் இயல்பானதே. அதனைத் திறனாய்வு எனக் கொள்ள இயலாது.

பாவாணரின் தலைப்புகளை இவ்வாட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஆடுவோர் தொகை ஒன்று, ஆடிடம் சமையலறை. ஆடுகருவியாக அமைவது முழுமையற்ற ஏடு. ஆடுமுறையில்தான் இதன் சிறப்பு வெளிப்படுகிறது. இட்டலித் தட்டுகளை ஆவி செல்லும் துளை அடைபடாதவாறு மாற்றி அடுக்க வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டு வீடுகளில் எவரும் விதியாகச் சொல்லித் தருவதில்லை, கை அறிந்திருக்கும். அக்கை அறிவை ஆட்டம் புதிராக்குகிறது. தவறினால் தண்டனை இல்லை, நேரக் கெடுவும் இல்லை. தாய் மறந்ததை நினைவுகூர்வதும் மகன் அறியாததைக் கற்பதும் ஒரே செயலாகின்றன. சுருக்கம் குறை என்னும் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. நீளமன்று, படிநிலையே குறை: தொடக்கப் புதிர்களில் ஊகத்துக்கு இருந்த இடம் பின்னர்க் குறைந்து, கதை முந்திக்கொண்டு செல்லும்போது ஆட்டம் அதன்பின் ஓடுகிறது. 2020இல் புனேயிலிருந்து வெளியான ‘ராஜி’ போர்வகை விளையாட்டு. அதன் காட்சியழகைப் புகழ்ந்த மதிப்புரைகள் சண்டையமைப்பின் தளர்ச்சியைக் குறைகூறின. வகை வேறாயினும் ஆடுமுறையைக் கொண்டே குறையும் நிறையும் காட்டப்பட்டன. இத்தகைய உரையாடலைத் தமிழில் நடத்தத் தடையாக இருப்பது கலைச்சொற் பற்றாக்குறை என்று கூறப்படுவதுண்டு. அரங்கு, காய், கட்டம், பணயம், ஆடுமுறை என்னும் சொற்களை வைத்திருக்கும் மொழிக்கு அது பொருந்தாது.

ஆடுமுறை இழந்த காய்கள்

அமெரிக்காவில் வெளியான பழைய நிகழ்பட விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என நிகழ்பட விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கிட்டது. வழங்கி நிறுத்தப்பட்டால் இணையவழி விளையாட்டு ஒரே நாளில் மறைகிறது. 2020க்கு முன் மதுரை இளைஞர்கள் இரவெல்லாம் ஆடிய பப்ஜி, அந்த வடிவில், இன்று இங்கு ஆடக் கிடைக்காது. அதைப் பற்றி எஞ்சியிருப்பது தடையாணை. கீழடியில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் ஆட்டக்காய்களும் சில்லுகளும் காட்சிக்கு உள்ளன. கருவியை அறிவோம்; இடத்தையும் அறிவோம். எத்தனை பேர் ஆடினர், எது வெற்றி, எக்காய் எவ்வாறு நகர்ந்தது என்பன தெரியவில்லை. அவற்றை எழுதி வைத்தவர் எவருமிலர். பள்ளி மாணவர்கள் கண்ணாடிக்கு முன் நின்று, “இதை எப்படி ஆடுவார்கள்?” என்று கேட்கிறார்கள்.