இருக்கிறதா, வேலை செய்கிறதா? கலத்தின் மேலுள்ள ஒரு நொதியத்தைத் தேடும் கதை

புலம்பெயர்ந்த எமது வீடுகளில் சலரோகக் குளிசை இல்லாத அலுமாரி குறைவு. அந்தப் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் மருந்தின் பெயர் ‘கிளிப்டின்’ என்று முடியும்: சிற்றாகிளிப்டின், வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின். இவை எல்லாம் தடுப்பது ஒரே நொதியத்தை. அதன் பெயர் டிபிபி-4. நோயெதிர்ப்பு ஆய்வாளர்கள் அதையே சிடி-26 என்பார்கள். இக்கட்டுரை குளிசையைப் பற்றியதல்ல. அந்த நொதியம் ஒரு கலத்தின் மேல் இருக்கிறதா என்று ஆய்வுகூடத்தில் எப்படிப் பார்க்கிறார்கள், எங்கே ஏமாறுகிறார்கள் என்பதைப் பற்றியது.

நாம் வர்த்தகம் படித்துக் கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். விஞ்ஞானத்தோடு எமது உறவு சாதாரண தரத்துடன் முடிந்தது. எம்மை இதற்குள் இழுத்துவிட்டவள் மகள். முதுமாணி ஆய்வில் எட்டு மாதமாக அவள் எடுத்த அளவுகள் ஒருநாள் குப்பைக்குப் போயின. பெருவிரல் நுனியளவு குப்பியில், பல நூறு யூரோ கொடுத்து வாங்கிய பிறபொருளெதிரி, தேடிய புரதத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. விற்ற நிறுவனம் பணத்தைத் திருப்பித் தந்தது. அவள் தொலைபேசியில் அழுதபோது தொழில் பழக்கத்தில் எமது வாயில் வந்த கேள்வி: “இதை ஆர் பிள்ளை கணக்காய்வு செய்தது?” அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, “அதுதான் அப்பா, ஒருத்தரும் செய்யேல்லை” என்றாள்.

முதலில் நொதியம். 1966இல் ஹொப்சு-ஹாவு, கிளென்னர் என்ற இருவர் இதை அறிமுகப்படுத்தினார்கள். 766 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் இது. அவற்றில் 6 மட்டுமே கலத்துக்குள் இருக்கின்றன, ஏறத்தாழ 22 மென்சவ்வுக்குள் புதைந்திருக்கின்றன, மிகுதி முழுவதும் வெளியே நிற்கிறது. இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து நின்று, அருகே வரும் சிறு புரதச் சங்கிலிகளின் தலைப்பை நறுக்கும். சங்கிலியின் இரண்டாவது இடத்தில் புரோலினோ அலனினோ இருந்தால், முதல் இரண்டு அமினோ அமிலங்களையும் சேர்த்து வெட்டிவிடும். சாப்பிட்டதும் குடலிலிருந்து கிளம்பி இன்சுலினைத் தூண்டும் ஜிஎல்பி-1 என்ற ஓமோன் இரத்தத்தில் ஓரிரு நிமிடத்தில் பாதியாகக் குறைவது பெரும்பாலும் இந்த வெட்டினால்தான். வெட்டைத் தடுத்தால் ஓமோன் கூடுதல் நேரம் நிற்கும். 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிற்றாகிளிப்டின் செய்வது இதைத்தான்.

கண்ணுக்குத் தெரியாத இந்தப் புரதத்தைக் கண்டுபிடிக்கப் பிறபொருளெதிரியைப் பயன்படுத்துகிறார்கள். எமது உடல் கிருமிக்கு எதிராகச் செய்யும் அதே பொருள்தான். ஒன்றின் வடிவத்தோடு பொருந்தி ஒட்டிக்கொள்ளும். முன்பு முயலுக்கோ ஆட்டுக்கோ ஊசி போட்டு அதன் இரத்தத்திலிருந்து எடுத்தார்கள். அதில் பல வகைகள் கலந்திருக்கும், விலங்கு செத்தால் சரக்கும் முடிந்துவிடும். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்ரைனும் ஒரே வகைப் பிறபொருளெதிரியைத் தொடர்ந்து சுரக்கும் கலவழியை உண்டாக்கினார்கள். 1984இல் நோபல் பரிசு அவர்களுக்கும் கிடைத்தது.

சிடி-26ஐத் தேடும் வழக்கமான முறை இது. உயிருள்ள கலங்களைப் பனிக்கட்டியில் வைத்து, ஒளிரும் சாயம் பூட்டிய பிறபொருளெதிரியைச் சேர்த்து, கழுவி, ஒவ்வொரு கலமாக லேசர் ஒளியின் முன்னால் ஓடவிட்டு எண்ணுவது. பனிக்கட்டி எதற்கென்றால், சூடாக இருந்தால் கலம் தன் மேல் ஒட்டியதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கலத்தைத் துளையிடாமல் வைத்திருந்தால் பிறபொருளெதிரி உள்ளே போக வழியில்லை, ஆகவே தெரியும் ஒளி மேற்பரப்பிலிருந்து வருகிறது என்று கொள்ளலாம். ஆனால் செத்த கலம் எதையும் உள்ளே விட்டு ஒட்டவைத்துக்கொள்ளும். அதனால் செத்தவற்றைத் தனிச் சாயத்தால் அடையாளம் கண்டு கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். வெண்குருதிக் கலங்கள் சிலவற்றில் எந்தப் பிறபொருளெதிரியின் வாலையும் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. அவற்றை முன்கூட்டியே அடைக்காவிட்டால் இல்லாத நொதியமும் இருப்பதாகத் தெரியும்.

எமக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. தட்டில் ஒட்டி வளரும் கலங்களைக் கழற்ற ட்ரிப்சின் ஊற்றுவது ஆய்வுகூட வழக்கம். ட்ரிப்சினும் புரதத்தை வெட்டும் நொதியம்தான்! தேடப்போகும் மேற்பரப்புப் புரதத்தையே அது நறுக்கிவிடலாம். கையிருப்பு எண்ணப் போகிறவர் முதலில் களஞ்சியத்தின் பூட்டை உடைத்துத் திறந்துவிட்ட மாதிரி. அனுபவசாலிகள் ஈடிடிஏ போன்ற மென்மையான வழியைத் தேர்கிறார்கள்.

இன்னொரு இடத்திலும் பலர் விழுகிறார்கள். உயிருள்ள கலத்தில் நன்றாக வேலை செய்யும் பிறபொருளெதிரி, புரதத்தைக் கொதிக்கவைத்து விரித்துப் பார்க்கும் வெஸ்ரேர்ண் முறையில் ஒன்றையும் காட்டாமல் போகலாம். அது பிடித்தது புரதத்தின் மடிந்த வடிவத்தை, வடிவம் குலைந்தால் பிடிக்க இடமில்லை. மறுபக்கமாகவும் நடக்கும். ஆகவே ஒரு முறைக்குச் சரிபார்த்த குப்பியை வேறு முறைக்கு நம்பி எடுக்கக்கூடாது. மனிதப் புரதத்துக்குச் செய்ததை எலிக்குப் பாவிப்பதும் அப்படித்தான்.

இது மகளுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. 2015இல் ‘நேச்சர்’ இதழில் பிராட்பரி, புளூக்தூன் ஆகியோர் பல ஆய்வாளர்களின் ஒப்பத்தோடு எழுதிய கட்டுரையில், மோசமான பிறபொருளெதிரிகளால் உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லியன் டொலர் வீணாவதாக மதிப்பிட்டார்கள். மறு ஆண்டு சுவீடனின் மத்தியாஸ் உலேனும் கூட்டாளிகளும் ஐந்து சரிபார்ப்பு வழிகளை முன்வைத்தார்கள். அவற்றில் எமக்கு நம்பிக்கையானது மரபணுவை நீக்கிப் பார்ப்பது. நொதியத்தின் மரபணுவே இல்லாத கலத்தில் பிறபொருளெதிரி இன்னும் ஒளிர்ந்தால் அது பொய் சொல்கிறது. டிபிபி-4க்கு இயற்கையே இப்படி ஒரு சாட்சியைத் தந்திருக்கிறது. யப்பானில் வளர்க்கப்பட்ட ஃபிஷர் 344 எலிகளின் ஒரு கிளையில், ஒரேயொரு அமினோ அமிலம் மாறியதால் இந்தப் புரதம் மேற்பரப்புக்கு வராமல் கலத்துக்குள்ளேயே அழிகிறது.

மற்றொரு வழி, ஒரே புரதத்தின் வெவ்வேறு இடங்களைப் பிடிக்கும் இரண்டு பிறபொருளெதிரிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. இங்கே ஒரு கண்ணி உண்டு. ஒரே கலவழியின் சரக்கை இரண்டு நிறுவனங்கள் இரண்டு பெயர்ச்சிட்டையோடு விற்பது நடக்கிறது. அதை இரண்டு சாட்சியாக எடுப்பது, ஒரே பற்றுச்சீட்டின் இரண்டு போட்டோப்பிரதியை இரண்டு செலவாகக் காட்டுவது போன்றது. கலவழியின் பெயரைப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

சரி, புரதம் இருக்கிறது. அது வெட்டுகிறதா? இதற்குப் பிறபொருளெதிரியிடம் பதில் இல்லை. கிளிசின்-புரோலின் இணையில் ஒளிரும் பொருள் ஒன்றைக் கட்டிக் கொடுத்து, வெட்டுப்பட்டதும் எழும் ஒளியை அளக்கிறார்கள். இதுவும் தனியே போதாது. உறவுக்கார நொதியங்களான எஃப்ஏபி, டிபிபி-8, டிபிபி-9 ஆகியவையும் அதே இணையை வெட்டும். எனவே சிற்றாகிளிப்டின் சேர்த்து, ஒளி அணைகிறதா என்றும் பார்ப்பார்கள். பிறபொருளெதிரிக் கணக்கும் வெட்டுக் கணக்கும் ஒத்துப்போனால்தான் வங்கி இணக்கக் கூற்றில் கையெழுத்து வைக்கலாம்.

இருப்பதும் வெட்டுவதும் வேறுவேறு என்பதற்கு 2013இல் பெரிய உதாரணம் கிடைத்தது. மேர்ஸ் வைரசு மனிதக் கலத்துக்குள் நுழையப் பிடிக்கும் கைப்பிடி டிபிபி-4 என்று அவ்வாண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். டிபிபி-4க்கு எதிரான பிறபொருளெதிரி தொற்றைத் தடுத்தது. வெட்டை நிறுத்தும் கிளிப்டின் மருந்துகள் தடுக்கவில்லை. வைரசுக்குக் கத்தரிக்கோலின் பிடி போதும், அலகு தேவையில்லை.

மருத்துவமனையில் இதன் பாரம் இன்னும் கூடுகிறது. சேசாரி நோய்க்குறி என்ற அரிய குருதிப் புற்றில், சிடி-4 வகை ரி கலங்கள் பெரும்பாலும் சிடி-26ஐ இழந்துவிடுகின்றன. இங்கே நோயின் அடையாளம் ‘இல்லாமை’. பிறபொருளெதிரி பழுதானால் நல்ல கலமும் நோயுற்றதாகத் தெரியும். அதனால் அதே குழாயில் உள்ள நோயாளியின் ஆரோக்கியமான ரி கலங்கள் ஒளிர்கின்றனவா என்று பார்த்த பிறகே மற்றவற்றை நம்புவார்கள்.

மகள் இப்போது குப்பி வந்தவுடன் கலவழியின் பெயர், தொகுதி இலக்கம், திறந்த திகதி எல்லாம் ஒரு கொப்பியில் எழுதுகிறாள். தொகுதி இலக்கம் மாறினால், மரபணு நீக்கிய கலத்தில் போட்டுப் பார்க்காமல் ஒரு துளியும் ஆய்வுக்கு எடுப்பதில்லை. போன மாதம் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். வலப்பக்க மூலையில் ‘சரிபார்த்தவர்’ என்று ஒரு நிரல் கீறி, ஒவ்வொரு வரிக்கும் கூட வேலை செய்பவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள்.