கல்லில் வளைந்த முதுகு

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில், கருவறைக்கு மேலே சுற்றிவரும் நடையில், நான்கு கைகளோடு சிவன் ஆடுகிறார். பரதர் நாட்டிய சாஸ்திரத்தில் சொன்ன 108 கரணங்களில், அதாவது ஆடல் அசைவுகளில், 81 அங்கே வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மீதி 27-க்கும் கல் பதித்திருக்கிறார்கள், உளி படவில்லை.

நடனம் சொல்லிக்கொடுப்பவள் நான். அந்தச் சிற்பங்களின் படங்களைப் பார்க்கும்போது என் கண் முதலில் போவது இடுப்புக்குத்தான். லலாடதிலகம் என்றொரு கரணம். கால் பின்பக்கமாக மேலேறி, பொட்டு வைக்கிற இடத்தைக் கட்டைவிரல் தொடும். முதுகு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வளையாது. மார்புப் பகுதியின் 12 முள்ளெலும்புகளும் விலா எலும்புகளோடு பிணைந்தவை. அவற்றின் பின்முனைகள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருப்பதால் பின்னால் சாயும்போது சீக்கிரமே முட்டிக்கொள்ளும். அதனால் வளைவில் பெரும்பங்கை அதற்குக் கீழே இருக்கும் 5 எலும்புகளும் தொடை மூட்டும் ஏற்கின்றன. அவசரப்பட்டு வளைக்கிற பிள்ளை "டீச்சர், வலிக்குது" என்று கை வைப்பதும் அங்கேதான்.

இந்த வளைவை எந்தச் சிற்பியும் ஏட்டைப் படித்து மட்டும் செதுக்கியிருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். யாரோ கண்ணெதிரே ஆடியிருக்க வேண்டும். கோயிலை ராஜராஜன் கட்டி முடித்தது 1010-ல். அங்கே ஆடுவதற்காகக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை அவனுடைய கல்வெட்டே சொல்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. ஆளுக்கொரு வீடு, ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆடியவர்களுக்கு இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்த அரசை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பின்னாளில் எழுந்த சிதம்பரம் கோபுர வாசல்களில் கரணங்களை ஆடுவது பெண்கள். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் நாட்டிய சாஸ்திர சுலோகங்களும் கிரந்த எழுத்தில் கூடவே இருக்கின்றன. பாடமும் படமும் ஒரே சுவரில்!

சுலோகத்தையும் சிற்பத்தையும் சேர்த்துப் படித்து, கரணம் என்பது நின்ற நிலையல்ல, கையும் காலும் சேர்ந்து நகரும் அசைவு என்று ஆடியே காட்டியவர் நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம். சிற்பத்தில் இருப்பது அந்த அசைவின் ஒரு கணம் மட்டுமே. என் வகுப்பில் லலாடதிலகத்தைக் காலைத் தூக்குவதில் தொடங்காததற்கு அதுவே காரணம். முதலில் தொடையின் முன்தசை நீள வேண்டும், வயிறு முதுகைத் தாங்கப் பழக வேண்டும். கால் மேலே போவது அதற்கப்புறம்.