கோடிக்கரைப் பக்ஷிகள்

நீலகிரியின் அடிவாரத்தில், பவானிக் கரையில் வாழும் மேட்டுப்பாளையத்தாராகிய நமக்குச் சமுத்திரம் வெகு தூரம். ஆயினும், ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், பக்ஷிகளிடத்தில் சிரத்தையுள்ளவர்களின் மனம் கோடிக்கரையையே நாடும். வேதாரண்யத்துச் சதுப்பில், உப்பளங்களை ஒட்டிய ஆழமற்ற நீரில், சைபீரியாவிலிருந்து வந்த உள்ளான்கள் இரை பொறுக்க, பூநாரைக் கூட்டம் ரோஜா நிறச் சிறகுகளை விரித்தெழும் காட்சி, தொலைநோக்கியுடன் நிற்பவனை வெயில் ஏறுவதையே மறக்கச் செய்வது.

1883-ல் ஸ்தாபிதமான பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், பறவையியலாளர் சாலிம் அலியின் (1896–1987) வழிகாட்டலில், இங்கே பக்ஷிகளை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த வளையமிட்டு விடுவித்தார்கள். அவ்வளையம் தேசாந்தரத்தில் எவர் கையிலேனும் அகப்பட்டாலன்றி, சின்னஞ்சிறு உள்ளானின் யாத்திரை மார்க்கத்தை நிரூபிக்க அக்காலத்தில் வேறு உபாயம் அரிது. பலனை எதிர்பாராத அந்தப் பொறுமையே இத்துறையின் மகத்தான சம்பத்து என்பது என் துணிபு. 1967-ல் கோடிக்கரை சரணாலயமாயிற்று; 2002-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் அங்கீகாரமும் கிட்டியது.

சாலிம் அலியின் பெயர் தாங்கிய பறவையியல் மையம் 1990-ல் தொடங்கப்பெற்று, நம் ஆனைகட்டியிலேயே அமைந்தது. ஆகவே கொங்கு நாட்டு இளைஞர்கள், ஐப்பசி கார்த்திகையில் ஒரு முறையேனும் கோடிக்கரைக்குச் சென்று வருவார்களாக.