ரஷ்ய சர்க்கஸும் ஒரு பழைய நோட்டும்

கோல்டன் ரெட்ரீவர் நாய் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்துக்கு வந்த ரஷ்ய சர்க்கஸில் வித்தை காட்டிய நாய்களை ஒரு பிரபு மொத்தமாக வாங்கிவிட்டார் என்று ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்ல கதைதான். ஆனால் அந்தப் பிரபுவே எழுதிவைத்த நோட்டு வேறு மாதிரி சொல்கிறது.

அவர் பெயர் டட்லி மார்ஜோரிபேங்க்ஸ், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் பெரிய எஸ்டேட் வைத்திருந்தார். அப்போது பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கிகள் வந்து, சுட்ட பறவைகள் தூரத்தில், தண்ணீரிலும் புதரிலும் விழ ஆரம்பித்தன. தேடி எடுத்துவர ஒரு நாய் வேண்டும். நன்றாக நீந்த வேண்டும், பறவையைக் குதறாமல் மெதுவாகக் கவ்வ வேண்டும், சொன்ன பேச்சு கேட்க வேண்டும்.

1865-ல் பிரைட்டனில் நூஸ் என்ற மஞ்சள் நாயை வாங்கினார். கூடப் பிறந்த குட்டிகள் எல்லாம் கறுப்பு! 1868-ல் அதை பெல் என்ற ட்வீட் வாட்டர் ஸ்பானியலோடு (இந்த இனம் இப்போது இல்லை) இணை சேர்த்தார். பிறந்த மஞ்சள் குட்டிகளில் பிரிம்ரோஸ், குரோக்கஸ், கௌஸ்லிப் என்று மூன்றுக்குப் பூக்களின் பெயர், இன்னொன்று அடா. எது எதற்குப் பிறந்தது என்பதெல்லாம் 1890 வரை நோட்டில் இருக்கிறது. 1952-ல் அது அச்சில் வந்ததும் சர்க்கஸ் கதை படுத்துவிட்டது.

மென்மையான வாய், எஜமான் முகம் பார்த்து வேலை செய்யும் குணம்... வேட்டைக்காகப் பொறுக்கி எடுத்த இவைதான் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் பொருந்திப்போயின. ஆனால் நாள் முழுக்க மலையில் ஓடுவதற்காக உருவாக்கிய நாய் இது. ஃப்ளாட்டுக்குள் அடைத்துவைத்தால் பறவைக்குப் பதில் சோபா பஞ்சைக் கவ்விக்கொண்டு வந்து காலடியில் வைக்கும் :)