பவளம் பிழைத்தும் பாறை வளராத கடல்: பயோஸ்பியர் 2 வரலாற்றிலிருந்து

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்போர், பவளம் நலியத் தொடங்கினால் காரணங்களை ஒவ்வொன்றாக ஐயுற்று விலக்குவர். வெளிச்சம் போதுமா, பாசி மிகுந்துவிட்டதா, நீரின் காரத்தன்மை குறைந்ததா, கால்சியம் தேவையான அளவு உள்ளதா? அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் சுமார் 26 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டியொன்று நலிந்தபோதும் எழுந்த கேள்விகள் இவையே. முழுமையான விடை கிடைக்க ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின. அவ்விடை அத்தொட்டியோடு நிற்கவில்லை. உலகப் பெருங்கடல்கள் அனைத்துக்கும் உரியதாயிற்று.

இதன் வேர் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உள்ளது. 1850இல் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலர், மீன், நத்தை, நீர்த்தாவரம் ஆகியவற்றை ஒரே கலத்தில் வைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாவதைக் காட்டினார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கெனத் தனி இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு வெளிவந்த பிலிப் ஹென்றி காஸின் நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை இன்றைய பொருளில் நிலைநிறுத்தியது. இலத்தீனில் அச்சொல் கால்நடைகள் நீர் அருந்தும் இடத்தைக் குறித்தது. சொல்லின் பொருள் மாறியதோடு ஒரு நம்பிக்கையும் வேரூன்றியது: உயிர்களைச் சரியான விகிதத்தில் சேர்த்துவிட்டால் மூடிய உலகு தன்னைத்தானே சமநிலையில் காத்துக்கொள்ளும் என்பதே அது.

அந்நம்பிக்கையின் மிகப் பெரிய வாரிசு பயோஸ்பியர் 2. எட் பாஸ் என்ற டெக்சாஸ் செல்வந்தரின் முதலீட்டில், ஆரக்கிள் என்ற சிற்றூரின் அருகே, 1.27 ஹெக்டேர் பரப்பில் கண்ணாடியாலும் எஃகாலும் அது எழுப்பப்பட்டது. மழைக்காடு, புல்வெளி, பாலை, அலையாத்திச் சதுப்பு, வயல், கடல் ஆகியவை ஒரே கூரையின்கீழ் அமைந்தன. 1991 செப்டம்பர் 26 அன்று எட்டுப் பேர் உள்ளே சென்றனர். ஈராண்டுகள் கழித்து அதே நாளில் வெளிவந்தனர். கடலுக்கான நீரில் ஒரு பகுதி கலிஃபோர்னியக் கடற்கரையிலிருந்து வண்டிகளில் வந்தது. எஞ்சியது செயற்கைக் கடலுப்பைக் கரைத்து ஆக்கப்பட்டது. பவளங்கள் கரீபியக் கடலிலிருந்து வந்தன. கடலைப் பேணும் பொறுப்பு எண்மருள் ஒருவரான அபிகெயில் ஆலிங்குடையது.

கடல் விரைவிலேயே நோய்க்குறிகளைக் காட்டியது. கண்ணாடிக் கூரை வெயிலில் ஏறத்தாழப் பாதியைத் தடுத்தது. நீரில் சேர்ந்த ஊட்டப்பொருள்களை உண்டு பாசி பெருகியது. அவ்வூட்டத்தைப் பிரிப்பதற்கு, ஸ்மித்சோனியனைச் சேர்ந்த வால்டர் ஏடி வகுத்த முறைப்படி, தட்டுகளில் பாசியை வேண்டுமென்றே வளர்த்துச் சுரண்டி அகற்றினர்; முடிவில்லாத உடலுழைப்பு அது. எல்லாவற்றிலும் கடிய சிக்கல், நீரின் பி.எச். அளவு தொடர்ந்து இறங்கியதுதான். அதை உயர்த்தச் சோடியம் பைகார்பனேட்டையும் சோடியம் கார்பனேட்டையும் கடலில் கரைத்தனர். பவளங்கள் பெரும்பாலும் உயிர் தாங்கின. ஆனால் இடைவிடாத மருத்துவத்தால்தான் தாங்கின.

நோயின் ஊற்று கடலுக்கு வெளியே, வயலிலும் காட்டிலும் இருந்தது. விளைச்சலுக்காக இடப்பட்ட மட்கு மிகுந்த மண்ணில் நுண்ணுயிர்கள் ஓயாது மூச்சுவிட்டன. வெளிக்காற்றில் அப்போது கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 355 பங்கு. உள்ளே குளிர்காலத்தில் அது 4,000 பங்கைக் கடந்தது. அவ்வாயு நீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகிறது. அது கார்பனேட் அயனிகளைப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. பவளம் தன் கூட்டைக் கட்டக் கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். செங்கல் இருந்தும் சாந்து தீர்ந்துபோன கொத்தனின் நிலை அதற்கு.

இதனிடையே வேறொரு புதிரும் எழுந்தது. காற்றில் 20.9 விழுக்காடு இருந்த ஆக்சிஜன் 16 மாதங்களில் 14.2 விழுக்காடாகக் குறைந்தது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. அவ்வளவு ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் உட்கொண்டிருந்தால் கரியமில வாயு இன்னும் மிகுதியாக இருந்திருக்க வேண்டுமே, அது எங்கே போயிற்று? ஜெஃப் செவரிங்ஹாஸ், வாலஸ் புரோக்கர் முதலானோர் 1994இல் விடையை வெளியிட்டனர். உள்ளே பூச்சின்றி விடப்பட்டிருந்த கான்கிரீட்டே அதை உறிஞ்சிக்கொண்டது. கான்கிரீட்டிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு அவ்வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகிறது. நம் பழைய வீடுகளின் சுண்ணச் சாந்து காற்றில் இறுகிக் கல்லாவதும் இவ்வினையால்தான்.

இங்கு ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். பவளத்தின் கூடும் கால்சியம் கார்பனேட்டே. எந்த வாயு கடலில் பவளம் சுண்ணக்கல் கட்டுவதைத் தடுத்ததோ, அதே வாயுவைக் கொண்டு சுவர் சுண்ணக்கல் கட்டிக்கொண்டிருந்தது. இதே கால்சியம் ஹைட்ராக்சைடைத்தான் பீட்டர் வில்கென்ஸ் 1970களில் ஜெர்மானியப் பவளத் தொட்டிகளுக்குச் 'சுண்ணாம்பு நீர்' என்ற பெயரில் மருந்தாகப் பரிந்துரைத்தார்.

1990களின் நடுவில் திட்டம் ஏளனத்துக்குள்ளானது. கடலில் பாசிகள் மேலோங்கின. 1996இல் பொறுப்பேற்ற கொலம்பியா பல்கலைக்கழகம் அக்கடலைக் கைவிட்டிருக்கலாம். மாறாக, கிறிஸ் லாங்டனும் உடன் ஆய்ந்தோரும் அந்நோயையே ஆய்வுக் கருவியாக்கினர். நீரின் கார்பனேட், கால்சியம் அளவுகளைத் திட்டமிட்டு மாற்றி, பவளங்களும் சுண்ணப்பாசிகளும் கலந்த சமூகம் எவ்வளவு சுண்ணம் படிய வைக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தனர். 2000இல் முடிவு வெளிவந்தது: இவ்விரு அயனிகளின் செறிவுப் பெருக்கத்தைப் பின்தொடர்ந்தே சுண்ணப்படிவின் வேகம் ஏறி இறங்குகிறது; காலம் தந்தாலும் உயிர்கள் அதற்குப் பழகிக்கொண்டதாகத் தெரியவில்லை. 1880க்கும் 2065க்கும் இடையே சுண்ணப்படிவு 40 விழுக்காடு வரை குறையக்கூடும் என்றும் அவர்கள் கணித்தனர். 'பெருங்கடல் அமிலமாதல்' என்ற தொடர் பரவலாவதற்கு முந்தைய ஆண்டுகள் அவை.

மொழியியல் பயின்ற எனக்கு இங்கு 'பவளப்பாறை' என்ற தொகைச்சொல் நின்று நோக்க வைக்கிறது. பவளம் உயிர், பாறை அவ்வுயிர் கட்டியது. தொகையாக வழங்குவதால் இரண்டையும் ஒன்றென எண்ணுகிறோம். பவளம் சாகும்போதே பாறை அழியும் என்றும் கருதுகிறோம். அந்தத் தொட்டி காட்டியது வேறு. பவளம் உயிரோடிருந்தும் பாறை வளராமற்போகலாம். அலை அரிக்கும் அளவுக்கும் கட்டுமானம் ஈடுகொடாதபோது, சாவு கண்ணுக்குத் தெரியுமுன்னரே இழப்பு தொடங்கிவிடுகிறது. 'அமிலமாதல்' என்ற சொல்லிலும் இத்தகைய மயக்கம் உண்டு. கடல்நீர் இன்றும் காரநீரே, மேற்பரப்பின் பி.எச். சுமார் 8.2இலிருந்து 8.1 ஆகியுள்ளது. சொல் குறிப்பது அடைந்த நிலையையன்று, செல்லும் திசையை. இதை விளக்காமல் வகுப்பில் கற்பித்தால் மாணவர் ஐயுறுவது இயல்பே.

சமநிலை குலைந்த நாளிலேயே பயோஸ்பியர் 2 தோற்றுவிட்டது என்று சொல்வது எளிது. எனினும் தோல்வியின் ஒவ்வொரு நாளும் அளக்கப்பட்டிருந்தது, அளவுகள் பேணப்பட்டிருந்தன, அவற்றைப் பிறர் திறந்து படிக்க முடிந்தது. நம் பல்கலைக்கழகங்களில் எதிர்பார்த்த முடிவைத் தராத சோதனைகளின் பதிவேடுகள் ஆய்வேட்டில் இடம்பெறுவதில்லை. பல வேளைகளில் ஆய்வாளர் வெளியேறும்போதே அவையும் மறைந்துவிடுகின்றன. அவற்றை அடுத்து வருவோர் படிக்கத்தக்க முறையில் சேமிக்க உங்கள் துறையில் ஏதேனும் ஏற்பாடு உள்ளதா? இருந்தால் கருத்துப் பகுதியில் பகிர வேண்டுகிறேன்.