மலைப்பாதைப் பந்தயங்களும் நமது மறதியும்

சரித்திரம் எழுதப் புகுவோர் அரசரையும் போரையும் தேடுகின்றனர். மக்கள் திரண்டு நின்று கண்டு களித்த விளையாட்டுகள் ஏடேறுவது அபூர்வம். மோட்டார்ப் பந்தயமும் அவ்வாறே. "அது துரைமாரின் பொழுதுபோக்கு, அதில் நமக்கென்ன?" என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சற்று ஆராய்வோம்.

இலங்கையில் நுவரேலியாவை அடுத்த மகாகஸ்தோட்டையில் 1934-ஆம் ஆண்டு மலையேற்றப் பந்தயம் தொடங்கிற்று. வண்டிகள் ஒன்றையொன்று முந்துவதல்ல அதன் முறை. ஒவ்வொன்றாகப் புறப்பட்டு வளைந்தேறும் பாதையைக் கடக்கும். எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணித்து வெற்றியை முடிவு செய்வர். அதாவது, கடிகாரமே எதிரி. பாதையைச் சூழ்ந்திருப்பது தேயிலை. வென்றவரின் பெயரும் நேரமும் குறிப்பேட்டில் ஏறுகின்றன. ஆனால் மலைநாட்டில் அத்தகைய பாதைகளைக் கல்லுடைத்துச் சமைத்த தமிழ்த் தொழிலாளரின் பெயர்கள் எந்த ஏட்டில் இருக்கின்றன?

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத்தளம் பின்னர் பந்தயக் களமாயிற்று. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களம் அமைந்தபின், சோழவரத்தின் ஆரவாரம் முதியோர் பேச்சில் மட்டும் எஞ்சியது. நமது நாட்டில் 1968-இல் பத்து தீகாவில் எழுந்த பந்தயக் களமும் இடிக்கப்பட்டு மறைந்தது. 1999-இல் திறந்த சிப்பாங் களமே இளைஞர் அறிந்தது.

சிங்கப்பூர் மட்டும் சற்று விழிப்புடன் இருந்தது. அங்கே தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை, பொதுச் சாலையையே அடைத்துப் பந்தயம் நடத்தினர். சுற்று ஏறக்குறைய 3 மைல். அதன் கொடிய வளைவுகளுக்குப் 'பாம்புகள்' என்றும் 'பிசாசு வளைவு' என்றும் பெயர். பந்தயம் நின்று 35 ஆண்டுகள் கழிந்தபின், 2008-இல் அதன் வரலாறு தனி நூலாகவே வெளிவந்தது.

ஞாபகத்தைக் காப்பது வீண் பெருமைக்காகவன்று. 2024 ஏப்ரலில் தியத்தலாவைப் பந்தயத்தில் வண்டியொன்று பாதை விலகிப் பார்வையாளர் நடுவே பாய்ந்து 7 உயிர்களைக் குடித்தது. கரவொலியை மட்டும் எழுதி அழுகுரலை விட்டுவிடும் சரித்திரம் பொய்ச் சரித்திரம். எங்கே வண்டி சறுக்கிற்று, எங்கே ஜனங்கள் நின்றனர் என்ற குறிப்பு அடுத்த தலைமுறையின் உயிரைக் காக்கும்.

நாம் வாழும் கேமரன் மலைக்கு வருவோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை மோட்டார்ச் சாலை முடிந்தது 1931-இல். அச்சாலையில் லாரி ஓட்டி முதிர்ந்தவர்கள் ஒவ்வொரு வளைவையும் உள்ளங்கை ரேகைபோல் அறிவர். கிராணியாகிய நான் நாள்தோறும் செக்ரோலில் பெயர் எழுதுகிறேன். அதில் ஒருவர் வேலைக்கு வந்ததும் வராததும் உண்டு. அவர் கண்டதும் கேட்டதும் இல்லை.

ஆகவே, தோட்டத்துக்கு ஒரு குறிப்புப் புத்தகம் போதும். ஓய்வுநாள் மாலையில் ஒரு முதியவரிடம் அமர்ந்து, அவர் பார்த்த பந்தயத்தையும், ஓட்டிய வண்டியையும், போட்ட சாலையையும் கேட்டு, ஆண்டோடும் ஊரோடும் எழுதி வைப்போம். பள்ளிப் பிள்ளைகளும் இதனைச் செய்யலாம். முதியவர் வாய் மூடியபின் நாம் கேட்கும் கேள்விக்கு விடையளிப்பார் யார்?