தொழில் வீடும் மூழ்கிய படகும்: வெனிஸ் கப்பல் தளத்தைக் கலையின் வழியே வாசித்தல்



வெனிஸ் நகரம் உலகத்துக்கு இரண்டு சொற்களைக் கொடுத்தது. ஒன்று ஆர்செனல். 'தொழில் நடக்கும் வீடு' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்து, அந்நகரின் போர்க்கப்பல் கட்டும் தளத்துக்குப் பெயராகி, பிறகு எல்லா நாட்டு ஆயுதக் கிடங்குகளுக்கும் பரவியது. இன்னொன்று கெட்டோ. செம்பு வார்ப்பாலை இருந்த ஒரு தீவின் பெயர் அது. 1516இல் வெனிஸ் அரசு யூதர்களை அந்தத் தீவுக்குள் ஒதுக்கி, இரவில் கதவைப் பூட்டியது. அந்த இரண்டாவது சொல் நமக்குப் புதிதல்ல. 'தீண்டப்படாதவர்கள் அல்லது இந்தியச் சேரியின் குழந்தைகள்' என்று நாம் தமிழில் சொல்லும் தலைப்பில், அண்ணல் அம்பேத்கர் ஆங்கிலத்தில் எழுதியது இந்தக் கெட்டோ என்ற சொல்லைத்தான். நான் இன்று முதல் சொல்லைப் பற்றிப் பேசுகிறேன். இரண்டாவது கூடவே வரும்.

ஆர்செனாலே 1104இல் தொடங்கியது என்று மரபாகச் சொல்வார்கள். உச்சத்தில் இருந்தபோது சுமார் இரண்டாயிரம் பேர் அங்கே தினமும் வேலை செய்தார்கள். 1436 வாக்கில் வந்த ஸ்பானியப் பயணி பெரோ தஃபூர், வெற்றுக் கப்பலொன்று கால்வாயில் இழுத்துவரப்படுவதையும், இருபுறச் சன்னல்களிலிருந்தும் கயிறும் ரொட்டியும் ஆயுதமும் வரிசையாக ஏற்றப்படுவதையும் எழுதி வைத்தார். ஃபோர்டு தொழிற்சாலைக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு முந்தைய காட்சி இது. அதற்கும் முன்பே தாந்தே தன் நரகத்தில் ஊழல் அதிகாரிகளை அமிழ்த்தக் கொதிக்கும் கீலைத் தேடியபோது, உவமைக்கு இந்தத் தளத்துக்குத்தான் வந்தார். குளிர்காலத்தில் இங்கே கீல் காய்ச்சியவர்கள் எந்தப் பாவமும் செய்தவர்கள் அல்லர். கப்பலின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தவர்கள். ஆனாலும் இலக்கியத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம் நரகத்தின் வாசல்.

ஓவியர்கள் இன்னும் தள்ளியே நின்றார்கள். 1730களில் கனலெத்தோ வரைந்த புகழ்பெற்ற படத்தில் பாலமும் கோபுரங்களும் வாசலும் உண்டு; மதிலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது இல்லை. 1571 லெபாண்டோ கடற்போர் வெற்றியை வெரோனேசே வரைந்தார். மேல்பாதியில் மேகத்தின்மேல் மரியாளும் புனிதர்களும். கீழ்ப்பாதியில் புகைக்குள் நெருக்கியடிக்கும் கப்பல்கள். அந்தக் கப்பல்களை ஓட்டியது காற்று மட்டுமல்ல, துடுப்பு வலித்த மனிதர்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தண்டனைக் கைதிகளைச் சங்கிலியில் பிணைத்துத் துடுப்பு வலிக்க வைக்கும் முறையை வெனிஸும் ஏற்றுக்கொண்டிருந்தது. படத்தில் அவர்கள் முகத்தைத் தேடிப் பயனில்லை.

கார்பாச்சியோ வேறு மாதிரி. 1490களில் அவர் தீட்டிய ரியால்தோ பாலக் காட்சியில் ஒரு கறுப்பினப் படகோட்டி நல்ல உடையோடு, தெளிவான உருவத்தோடு நிற்கிறார். வந்த வேலை வேறு. படத்தின் பொருள் ஒரு மத அற்புதம். ஆனால் ஓரத்தில் உழைத்தவரை அவர் அழித்துவிடவில்லை. ஐந்நூறு ஆண்டு கழித்து, 2003 வெனிஸ் கலைக் கண்காட்சியில் கறுப்பினக் கலைஞர் ஃபிரெட் வில்சன் இப்படிப்பட்ட ஓர உருவங்களைத்தான் நடுவுக்கு இழுத்து வந்தார்.

சமூகவியல் படித்தவள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. ஆர்செனாலே கைவினைஞர்களின் பிள்ளைகளுக்குத் தொழிலில் சேரும் உரிமை இருந்தது. பரம்பரைத் தொழில்தான். உடனே நம்மூர் அறிஞர்கள் 'பாருங்கள், அங்கேயும் சாதி' என்பார்கள். இல்லை. மாமன்றம் கூடும்போது அரண்மனைக்குக் காவல் நின்றவர்கள் இந்தத் தச்சர்களும் கீல் பூசுகிறவர்களும்தான். நகரில் தீப்பிடித்தால் ஓடியவர்கள் அவர்கள். புதிய ஆட்சித் தலைவரைத் தோளில் சுமந்து சதுக்கத்தைச் சுற்றியவர்களும் அவர்களே. அது அவர்களுக்குக் கௌரவம். தொழில் வாரிசாக வந்தது, தீட்டு வரவில்லை. வெனிஸில் ஒதுக்கி வைக்கும் பூட்டு வேறொரு தீவின் கதவில், மதத்தின் பெயரால் தொங்கியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் சாதியின் தனித்தன்மையே நழுவிப்போகும்.

1797இல் குடியரசு வீழ்ந்தது. பிரெஞ்சுப் படை தளத்தைச் சூறையாடியது. ஆஸ்திரியர், பிறகு இத்தாலியக் கடற்படை. 1980இல் கண்காட்சி முதன்முதலாகக் கயிற்றுக்கூடத்துக்குள் நுழைந்தது. 300 மீட்டருக்கு மேல் நீளம்; ஏனெனில் கப்பலின் வடத்தை ஒரே வீச்சில் முறுக்க அவ்வளவு நீளம் வேண்டும். சணல் தூசி பறந்த இடத்தில் இன்று கலை நிற்கிறது.

2019இல் அந்த வளாகத்தின் கரையில் துருப்பிடித்த மீன்பிடிப் படகு ஒன்று வைக்கப்பட்டது. 2015 ஏப்ரல் 18 இரவு லிபியாவுக்கு வடக்கே, மீட்க வந்த சரக்குக் கப்பலோடு மோதி மூழ்கிய படகு. பிழைத்தவர்கள் 28 பேர். இறந்தவர்கள் எழுநூறுக்கும் மேல். பலர் அடித்தளத்தில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு இத்தாலியக் கடற்படை படகைத் தூக்கியது. மிலான் பல்கலைக்கழகத் தடயவியலாளர்கள் உடல்களை அடையாளம் காண உழைத்தார்கள். மாலி நாட்டுச் சிறுவன் ஒருவனின் சட்டைக்குள் தைத்து வைத்திருந்தது பள்ளி மதிப்பெண் சான்றிதழ். வயது சுமார் 14. மதிப்பெண் காட்டினால் கதவு திறக்கும் என்று அவனும் நம்பியிருக்கிறான், நம் பிள்ளைகளைப் போல.

படகைக் கொண்டுவந்தவர் கிறிஸ்டோஃப் பியூக்கல் என்ற சுவிஸ் கலைஞர். 'நமது படகு' என்று பெயர். பக்கத்தில் விளக்கப் பலகை இல்லை. அருகே காப்பிக்கடை. பார்வையாளர்கள் குடித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். மௌனம்தான் கலை என்று சிலர் வாதாடினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயரற்றுப் புதைக்கப்பட்டவர்களுக்குப் பெயர்ப்பலகை வேண்டாம் என்று முடிவுசெய்யும் உரிமை கலைஞருக்கு யார் கொடுத்தது?

அதே 2019இல் அதே ஆர்செனாலேயில் இந்தியக் கூடமும் இருந்தது. பொருள், காந்தியின் 150ஆம் ஆண்டு. ஜி.ஆர். இரண்ணாவின் படைப்பில் சுவர் நிறைய நூற்றுக்கணக்கான மரப் பாதுகைகள். 'நாம்' என்று பொருள்படும் கன்னடத் தலைப்பு. அழகான வேலை, மறுக்கவில்லை. ஆனால் பாதணிகளால் ஒரு தேசத்தைச் சொல்ல வந்த சுவரில் தோல் எங்கே? தோலைப் பதப்படுத்தியவர், செருப்பைத் தைத்தவர், அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடக்க வைக்கப்பட்டவர், இவர்கள் அந்த 'நாம்' என்பதற்குள் எந்த ஆணியில் தொங்குகிறார்கள்?

கண்காட்சி முடிந்தும் படகு உடனே புறப்படவில்லை. 2021 ஏப்ரலில்தான் சிசிலியின் அகுஸ்தா துறைமுகத்துக்குத் திரும்பியது. அங்கே உள்ளூர்க்காரர்கள் சிலர், இறந்தவர்களுக்காக ஒரு நினைவுத் தோட்டம் அமைத்துப் படகை அதில் நிறுத்த வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.